இடைவேளையும் இடையூறும்

பல தகடுகளில் வெளிவந்த பழைய காணொளி விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரு தரப்பினர் இரு குரல்களில் ஒரே பிழையைச் செய்கின்றனர். ஒரு தரப்பு அதனைச் சோம்பேறிகளின் முணுமுணுப்பு என்று ஒதுக்குகிறது. எழுந்து சென்று பெட்டியின் மூடியைத் திறந்து தகட்டை மாற்றுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாதே, இதற்கா இத்தனை புலம்பல் என்பது அதன் வாதம். மற்றத் தரப்பு அதே செயலைப் புனிதச் சடங்காக்கிவிட்டது. இரண்டாம் தகட்டைக் கையிலெடுத்த கணத்தில் நெஞ்சு படபடத்ததாம், இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லையாம். தகடு எந்த இடத்தில் வெட்டப்பட்டது, அந்த வெட்டை முடிவுசெய்தவர் யார், அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்ற மூன்று கேள்விகளையும் இவ்விரு தரப்பினரும் கேட்பதேயில்லை.

தமிழில் இதற்குத் தேவையான சொற்கள் ஏற்கெனவே உள்ளன. இடைவேளை என்பது ஒன்று. இடையூறு என்பது வேறொன்று. படைத்தவர் திட்டமிட்டு நிறுத்தினால் இடைவேளை. படைப்புக்குத் தொடர்பில்லாத ஏதோவொன்று குறுக்கே விழுந்து நிறுத்தினால் இடையூறு. தகடு மாற்றும் தொல்லை குறித்த விவாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைத் தவறவிட்டதால் குழம்பிக் கிடக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் கோபாலபுரத்தாருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சாவடிகள் மூடப்படும்வரை, சரக்குந்து ஓட்டுநர் தேநீருக்காக வண்டியை ஓரங்கட்டுவதும், சாவடியில் தாள்களைக் காட்டுவதற்காக வரிசையில் நிற்பதும் அங்கே அன்றாடக் காட்சி. இரண்டிலும் வண்டி நிற்கவே செய்தது. இரண்டையும் ஒன்றென எந்த ஓட்டுநரும் சொல்லியிருக்கமாட்டார்.

அதே எல்லைப்புறத்தில்தான், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் தொடங்கி இடுக்கியின் மூணாறு, பீருமேட்டுத் தோட்டக் குடியிருப்புகள் வரை, இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தமிழ்த் திரைப்படம் பல வீடுகளுக்குள் விசிடி வடிவில் நுழைந்தது. விளையாட்டுப் பெட்டி அவ்வீடுகளில் அரிது. விசிடி இயக்கி அரிதன்று. ஆகவே பிளேஸ்டேஷனில் ஃபைனல் ஃபேன்டசி ஆடியவர் பட்ட தொல்லையின் தமிழ் வடிவத்தைத் தேடுவோர் விசிடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

கணக்கு எளியது. 1993இல் வகுக்கப்பட்ட விசிடி தரத்தின்படி ஒரு தகட்டில் 74 நிமிடக் காட்சி அடங்கும். மிஞ்சினால் 80 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்திற்கு இரண்டு தகடுகள். ‘படையப்பா’ (1999) போன்று மூன்று மணி நேரத்தை எட்டும் படமெனில் மூன்று. இதுவரை யாரையும் குறை கூறுவதற்கில்லை. குறை அடுத்த படியில் தொடங்குகிறது. தமிழ்ப் படத்தின் நடுவில் அதன் இயக்குநரே செதுக்கி வைத்த ஓர் இடைவெட்டு உண்டு. எதிரி யாரென்று தெரியும் கணம், நாயகன் திரும்பி நிற்கும் கணம், ஒரு கேள்வியைப் பார்வையாளரின் மடியில் போட்டுவிட்டுத் திரை இருளும் கணம். ‘இடைவேளை’ என்ற எழுத்து வந்து விழுவதற்கென்றே முதற்பாதித் திரைக்கதை எழுதப்படுகிறது எனினும் மிகையாகாது. விசிடித் தயாரிப்பில் இந்த இடம் பெரும்பாலும் மதிக்கப்படவில்லை. தகடு நிரம்பும்வரை படம் ஊற்றப்பட்டது; நிரம்பிய இடத்தில் வெட்டப்பட்டது. பாடலின் சரணத்திற்கு நடுவிலோ, தாய் மகனிடம் உண்மையைச் சொல்ல வாயெடுக்கும் இடத்திலோ திரை நீலமாகும். எழுந்து தகட்டை மாற்றி, இயக்கி அதனைப் படித்து முடிக்கும்வரை காத்திருந்தபின், சில நிமிடங்களிலேயே திரையில் ‘இடைவேளை’ என்ற எழுத்து தோன்றும். படமோ நிற்காமல் ஓடும். நிற்க வேண்டிய இடத்தில் ஓடியது, ஓட வேண்டிய இடத்தில் நின்றது.

நிறுத்தம் என்பதே தமிழ்ப் பார்வையாளருக்குப் பகை என்று கருத இடமில்லை. ஒற்றைப் படவீழ்த்தியுடன் ஊர் ஊராகச் சென்ற டூரிங் டாக்கீஸ்களில் சுருள் மாற்றுவதற்காக ஒரே காட்சியில் மூன்று, நான்கு இடைவேளைகள் விடப்பட்டன. விளக்குப் போடுவார்கள், முறுக்கு வரும், சோடா வரும். அது அறிவிக்கப்பட்ட நிறுத்தம். கூட்டம் முழுவதும் ஒன்றாக நிற்கும், ஒன்றாகத் தொடரும். நிலையான அரங்குகளில் இரண்டு படவீழ்த்திகள் இருந்தன. ஒரு சுருள் முடியுமுன் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு புள்ளி மின்னி மறையும். அதைக் கண்டு இயக்குபவர் மற்ற எந்திரத்திற்கு மாற்றிவிடுவார். பார்வையாளருக்குத் தெரியாமலேயே தகடு மாற்றும் வேலையை இன்னொருவர் சம்பளத்திற்குச் செய்தார் என்பதே இதன் பொருள். (நான்கு மணி நேரம் ஓடிய ராஜ் கபூரின் ‘மேரா நாம் ஜோக்கர்’ 1970இல் இரண்டு இடைவேளைகளுடன் வந்தது. அதன் தோல்விக்குக் காரணங்கள் பல கூறப்படுவதுண்டு. இடைவேளைகள் பிழையான இடத்தில் விழுந்தன என்று கூறியவர் அரிது.) விசிடி வந்தபோது அந்த ஊழியரின் வேலை, சம்பளமின்றி, வீட்டிலிருந்த சிறுவனின் தலையில் விழுந்தது.

இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளையாட்டுகளைப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். 1997இல் பிளேஸ்டேஷனுக்கு மூன்று தகடுகளில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ஐ எடுத்துக்கொள்ளலாம். ஏரித் என்னும் பெண் கொல்லப்பட்டு, அவளுடைய உடல் நீரில் விடப்படும் கட்டத்தை ஒட்டி முதல் தகடு முடிகிறது. ஆட்டத்தைச் சேமித்து, எழுந்து சென்று, தகட்டை மாற்றும் அந்த நேரம் துக்கத்திற்கு உரிய நேரமாகிறது. தமிழ்ப் படத்தின் இடைவேளையை எழுதியவர் எவரும் இந்த வெட்டைப் பார்த்துத் தலையசைப்பார். மேலும், மூன்று தகடுகளிலும் விளையாட்டின் அடிப்படைப் பகுதிகள் திரும்பத் திரும்பப் பதியப்பட்டிருந்தன. பெரிதும் வேறுபட்டவை திரைப்படம்போல் ஓடும் காட்சித் துண்டுகளே. அதனால் முன்னே சென்றவர் ஓர் ஊருக்குத் திரும்ப விரும்பினால் பழைய தகட்டைத் தேட வேண்டிய நிலை இல்லை. மொத்த ஆட்டத்திற்கும் இரண்டே மாற்றங்கள்.

அதே 1997இல் ஐந்து தகடுகளில் வந்த ‘ரிவென்’ நேர் எதிரானது. அதன் உலகம் தீவுகளால் ஆனது; தீவுகள் தகடுகளுக்குப் பங்கிடப்பட்டன. ஒரு தீவில் கண்ட குறியீட்டை இன்னொரு தீவில் பொருத்திப் பார்ப்பதே ஆட்டத்தின் உயிர். ஆக, சிந்திக்கச் சிந்திக்கத் தகடு மாற்ற வேண்டும். ஐயம் தோன்றித் திரும்பிப் போனால் அதற்கும் தண்டனை. ஆர்வத்தைத் தூண்டுவதற்கென்றே ஆக்கப்பட்ட படைப்பு, ஆர்வம் கொண்டவரையே அதிகமாக எழுப்பி உட்கார வைத்தது. அப்படைப்பின் அழகில் ஐயமில்லை. பின்னாளில் ஒரே டிவிடியில் வந்தபோதுதான் அது தன் முழு வடிவத்தை அடைந்தது. எக்ஸ்பாக்ஸ் 360க்கு 2010இல் இரண்டு தகடுகளில் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 2’ முதல் தகட்டில் தொடங்கி, இரண்டாவதற்குச் சென்று, முடிவுக்காக மீண்டும் முதல் தகட்டைக் கேட்டது. மறு ஆண்டு பிளேஸ்டேஷன் 3இல் அதே ஆட்டம் ஒரே புளூ-ரே தகட்டில் வந்தது.

இங்கேதான் ‘அன்றைய தொழில்நுட்பம் அவ்வளவுதான்’ என்னும் வாதம் நொண்டுகிறது. 2001இல் நின்டெண்டோ தன் கேம்கியூப் பெட்டிக்கு ஏறத்தாழ 1.5 ஜிபி மட்டுமே கொள்ளும் சிறு தகட்டைத் தேர்ந்தது, 4.7 ஜிபி கொள்ளும் டிவிடி அப்போது சந்தையில் இருந்தது, போட்டிப் பெட்டியான பிளேஸ்டேஷன் 2 அதையே பயன்படுத்தியது. திருட்டுப் பிரதிகளைத் தடுப்பது அத்தேர்வின் நோக்கங்களுள் ஒன்று. 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 டிவிடியுடன் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 3 புளூ-ரேயைத் தாங்கியது, விலையும் அதற்கேற்ப ஏறியது. விளைவு, ‘ஃபைனல் ஃபேன்டசி 13’ ஒரு பெட்டியில் ஒரு தகடு, மற்றொன்றில் மூன்று. ‘லாஸ்ட் ஒடிசி’ நான்கு தகடுகளில் வந்தது. இவை இயற்கையின் தடைகளாக இருந்ததில்லை. ஒரு கூட்ட அறையில் விலையையும் வெளியீட்டு நாளையும் கணக்கிட்டு எடுக்கப்பட்ட முடிவுகள். அம்முடிவுகளைப் பிழையென்றுகூடச் சொல்லத் தேவையில்லை. முடிவு என்று ஒப்புக்கொண்டால் போதும்.

இன்னொரு சான்று இதைவிடக் கூர்மையானது. 1998இல் பிளேஸ்டேஷனில் இரண்டு தகடுகளில் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 2’, 1999இல் நின்டெண்டோ 64க்காக 64 எம்பி அளவுள்ள ஒரே கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கப்பட்டது, காணொளிக் காட்சிகள் உட்பட. படங்களின் தரம் குறைந்தது, ஆட்டம் குறையவில்லை. உழைப்பைச் செலவிட ஒரு குழு முன்வந்தபோது, அசைக்க முடியாதது என்று கருதப்பட்ட எல்லை அசைந்தது.

விசிடியிலும் இவ்வாறே. இடைவேளை 70ஆம் நிமிடத்தில் வரும் படத்தை அங்கேயே வெட்ட எந்த எந்திரமும் தடை செய்யவில்லை. தொகுப்பு மேசையில் இருந்தவர் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். அந்த ஒருமுறைக்கான கூலி எவராலும் தரப்படவில்லை.

சுமை யார் மேல் என்ற கேள்விக்கும் விலைப்பட்டியலே விடை தருகிறது. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. தகட்டின் விலையில் வேறுபாடு ஆறு ரூபாய். ஆயினும் டிவிடி இயக்கியை வாங்க இயலாத வீடு விசிடியிலேயே நின்றது. படம் முழுமையாக ஓடும் வசதி ஒரு வகுப்பாருக்கும், சரணத்தின் நடுவே நீலத் திரை இன்னொரு வகுப்பாருக்கும் பங்கிடப்பட்டன. வாடகைத் தகடு எனில் இன்னும் மோசம். மூன்று தகட்டுப் படத்தின் கடைசித் தகடு கீறல் விழுந்து நின்றுபோனால், பொள்ளாச்சியில் அரங்கில் பார்த்துவிட்டு வந்த எவரேனும் முடிவைச் சொல்ல வேண்டும். பழைய பாட்டுப் புத்தகங்களின் கதைச்சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். கீறல் விழுந்த தகடும் அதையே சொன்னது, ஆனால் வாடகையைத் திருப்பித் தரவில்லை.

‘இப்போது தகடே இல்லையே, பழங்கதை எதற்கு’ என்போர் உண்டு. சிக்கல் தீரவில்லை, அதன் கூலி வசூலிக்கப்படும் இடம் மாறியிருக்கிறது. இன்று பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிபியைத் தாண்டுவது வியப்பில்லை. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் எல்லையோர இளைஞர், வேறெதையும் பார்க்காமல் இருந்தாலும், அதனை இறக்க 67 நாள்கள் ஆகும். அரை நிமிட மாற்றத்தைக் கண்டு நகைத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். தகடு கையிலிருந்தாலும் பயனில்லாத நிலையும் வந்துவிட்டது: யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31இல் தன் வழங்கிகளை நிறுத்தியபோது, ‘தி க்ரூ’ என்ற பந்தய விளையாட்டின் தகட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் தகடும் அன்றே பயனற்றதாயிற்று. அதில் ‘அடுத்த தகட்டை இடுக’ என்ற அறிவிப்புக்குக்கூட இடமில்லை.

சடங்காக்குவோர் இதைக் கேட்டதும் ‘பார்த்தீர்களா, பழையதே சிறந்தது’ என்று துள்ளுவர். அவர்களுக்கும் இடம் தருவதற்கில்லை. ‘ஃபைனல் ஃபேன்டசி 7’இன் முதல் வெட்டு சிறந்தது, காரணம், ஒருவர் அந்த இடத்தைத் தேர்ந்தார். ‘ரிவென்’ மாற்றங்கள் சலிப்பூட்டின. காரணம், எவரும் தேரவில்லை. இரண்டையும் ஒரே ஏக்கப் பெருமூச்சில் கலப்பது, தேர்ந்தவரின் உழைப்பையும் தேராதவரின் அலட்சியத்தையும் ஒரே தட்டில் வைப்பதாகும்.

தமிழ்த் திரைப்பட ஆய்வில் இதன் விளைவு சிறியதன்று. ஒரு தலைமுறை எல்லைப்புறத் தமிழர் பல படங்களை முதன்முதலில் அறிந்தது பிழையான இடத்தில் வெட்டுண்ட வடிவில். ‘இரண்டாம் பாதி தொய்வு’ என்று அவர்கள் கூறுவது படத்தின் இரண்டாம் பாதியையா, இரண்டாம் தகட்டையா என்று ஆய்வாளர் கேட்பதில்லை. பாட்டுப் புத்தகங்களும் துண்டறிக்கைகளும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பேணப்படுகின்றன. விசிடிகளோ பாக்குமர நிழலில் பறவை விரட்டத் தொங்குகின்றன. எஞ்சியவற்றைப் பட்டியலிட யாரேனும் முன்வருவாராயின், படத்தின் பெயர், ஆண்டு, நிறுவனம் ஆகியவற்றோடு ஒவ்வொரு தகடும் எந்த நிமிடத்தில், எந்தக் காட்சியின் நடுவில் முடிகிறது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். அதன் அருகிலேயே, திரையில் ‘இடைவேளை’ என்ற எழுத்து வரும் நிமிடத்திற்கு இன்னொன்று.