அஞ்சற்பெட்டியும் ஆளில்லாக் காத்திருப்பும்

மின்னஞ்சற் சேவையகத்திற் புதிய பாவனையாளருக்கு அஞ்சலடைவு தானாகவே உருவாகுதல் வேண்டுமா, நிர்வாகி தன் கையால் அமைத்தல் வேண்டுமா என்னும் வினாவை அற்பமானதென ஒதுக்குவோர் பலர். கையால் அமைப்பதே ஒழுங்கு, அதுவே பாதுகாப்பு என்போரும் உளர். ஆராயுமிடத்து இக்கூற்று நிலைபெறுவதன்று.

டானியல் பேர்ண்ஸ்ரைன் 1990களில் வகுத்த மெயில்டேர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக்கோவை. ரெம்ப், நியூ, கர் என மூன்று உள்ளடைவுகள். கடிதம் முதலாவதில் முழுமையாக எழுதப்பட்ட பின்னரே இரண்டாவதற்கு மாற்றப்படும். அரைகுறைக் கடிதம் எவர் கண்ணிலும் படாது. இத்துணை நுட்பம் கண்டவரே, 1998இல் வெளியிட்ட கியூமெயில் 1.03இல், இல்லாத அடைவை உருவாக்கும் பொறுப்பை விநியோகச் செய்நிரலுக்கு அளித்தாரல்லர். விளைவு யாது? கடிதம் தற்காலிகத் தடையுற்றதாகக் கொள்ளப்பட்டு, இயல்பமைப்பின்படி 7 நாட்கள் வரிசையிற் கிடந்து, அனுப்பியவரிடமே மீளும். பெறுநரின் பெயர் பட்டியலில் உண்டு, கடவுச்சொல் உண்டு, பெட்டி மாத்திரம் இல்லை. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பொன்றை ஒருவர் இழப்பதற்கு இது போதாதா?

தவறான முகவரிகளுக்கெல்லாம் அடைவுகள் பெருகிவிடும் என அஞ்சுவோர் இரு வேறு வினாக்களை ஒன்றாக்கிக் குழப்புகின்றனர். பெறுநர் உளரா என்பதைத் தீர்மானிப்பது பாவனையாளர் பட்டியல், அடைவன்று. பட்டியலில் இல்லாதவருக்கு வருங் கடிதம் வாயிலிலேயே மறுக்கப்படல் வேண்டும்.

லினக்ஸின் ‘ஸ்கெல்’ எனும் மாதிரி அடைவில் அஞ்சலடைவை ஒருமுறை வைத்தாற் போதும் என்பது இன்னொரு சமாதானம். அஃது அக்கணினியில் இனிமேல் உருவாகுங் கணக்குகளுக்கே பயன்படும். முன்னரே உள்ளோருக்கும், மையப் பட்டியலிலிருந்து பெறப்படுவோருக்கும் பயன்படாது. முதன்முறை உள்நுழையும்போது அடைவை அமைக்கலாம் என்பதோ நகைப்புக்குரியது. உரியவர் உள்நுழையுமுன்னரே கடிதம் வந்துவிடுகின்றதே!

எதிர்த்தரப்பில் வலிமையுள்ள வாதம் ஒன்றே. சேமிப்பு வட்டு இணைக்கப்பட்டிராத வேளையிற் செய்நிரல் வெற்றிடத்திற் புதிய அடைவை எழுப்பிவிடும். பாவனையாளர் தம் பழைய கடிதங்கள் யாவும் மறைந்தனவெனத் திகைப்பர். இவ்வச்சம் மெய்யானது. ஆயினும் அதற்கு மருந்து கைவேலையன்று. வட்டின் தலையடைவில் அடையாளக் கோவையொன்றை இட்டு, அது காணப்பட்டாலன்றி எதனையும் உருவாக்காதவாறு செய்நிரலைப் பணித்தல் எளிது. அடையாளம் இல்லையெனிற் கடிதம் வரிசையிற் காத்திருக்கட்டும். அவ்விடத்து மாத்திரமே காத்திருத்தல் முறை.