ஆள் மேய்ப்பது தலைமையல்ல!

கொஞ்ச காலமாக முதலாளிமார்களுக்குத் "தலைவர்" என்ற சொல்லின்மீது பெருங்காதல் பிறந்திருக்கிறது! மேஸ்திரி என்ற பெயர் போய் சூப்பர்வைசர் என்று வந்தது. அதுவும் கசந்துவிட்டது போலும். இப்போது "டீம் லீடர்" என்கிறார்கள். மதுராந்தகத்தில் விடியுமுன் வேன் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகும் வாலிபர்களைக் கேட்டுப் பாருங்கள். நேற்றுவரை பக்கத்து மெஷினில் நின்றவனுக்குச் சட்டையின் நிறத்தை மாற்றி, கையில் கணக்குத் தாளைக் கொடுத்து, "இன்று முதல் நீ தலைவன்" என்று சொல்லிவிடுகிறார்கள். தலைமைப் பண்பை வளர்க்க அவனுக்குப் பயிற்சி வகுப்பும் உண்டு. வகுப்பு நாளில் பகல் சாப்பாடும் உண்டு!

நாம் கேட்கிறோம்: அவன் யாருக்குத் தலைவன்? அவனைத் தேர்ந்தெடுத்தது யார்? கக்கூசுக்குப் போய்வர எத்தனை நிமிஷமாயிற்று என்று கணக்கெடுப்பதா தலைமை? நாளைக்கு அவன் தன் கூட்டத்தின் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசட்டும். அந்தச் சட்டை அவன் முதுகில் நிற்குமா?

"பெயர்தானே, போகட்டும்" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். போகவிட முடியாது, தோழர்களே! சொல்லைத் திருடுகிறவன் அடுத்தபடி பொருளையும் திருடுவான். மேஸ்திரியைத் தலைவன் என்று தொழிலாளி நம்பிவிட்டால், தனக்கென்று ஒரு தலைமை வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு அற்றுப்போகும். முதலாளிக்கு வேண்டியதும் அதுதான்.

சேற்றில் நிற்பவனும் வரப்பில் நிற்பவனும்

முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்பார்கள். டிராக்டர் வந்து ஏர் மாடுகள் அருகிவிட்டன. ஆனாலும் மதுராந்தகம் ஏரிக்குக் கீழே கழனியில் உழுத பெரியவர்களுக்கு இதன் பொருள் தெரியும். முன் ஏர் பிடிப்பவனும் அதே சேற்றில்தான் நிற்கிறான். கல்லிருந்தால் அவன் கொழுதான் முதலில் முட்டும். அவன் கோணினால் பின்னால் வருகிறவன் சத்தம் போடுவான். வரப்பில் குடை பிடித்து நிற்கிறாரே, அவர் குரல்தான் பெரிது. ஆனால் அவர் காலில் சேறில்லை. கல்லில் முட்டுவதும் அவர் கொழுவல்ல.

வேலையை ஒழுங்குபடுத்த ஆளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நூறு பேர் கூடிச் செய்யும் வேலைக்கு ஒரு நடத்துநர் வேண்டும். இதைக் காரல் மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட "மூலதனம்" முதல் பாகத்திலேயே விளக்கியிருக்கிறார். தனியே வாசிக்கும் வித்வானுக்கு நடத்துநர் தேவையில்லை, பெரிய வாத்தியக் கோஷ்டிக்குத் தேவை என்பது அவர் காட்டும் உதாரணம். ஆனால் முதலாளியின் ஆலையில் இந்த வேலையோடு இன்னொரு வேலையும் கலந்துவிடுகிறது. உழைப்பை உறிஞ்சுகிற வேலை! அதனால்தான் பட்டாளத்துக்கு ஆபீசர், சுபேதார் போல ஆலைக்கு மானேஜரும் மேஸ்திரியும் தேவைப்படுகிறார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் ஜனங்களை ஓட்டிச் சென்ற கங்காணியை மறந்துவிட முடியுமா? தன்கீழ் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று துரையிடம் அவன் காசு வாங்கினான். தலையை எண்ணிக் காசு வாங்குகிறவன் தலைவனாகிவிடுவானா?

பெரம்பூரில் நடந்தது

நமது செங்கல்பட்டுச் சீமையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சென்னைப் பட்டணத்து மில்களுக்குப் போயின. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள். அங்கேதான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் தொழிலாளரின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க.வும் துணை நின்றார். வாடியா பம்பாயில் பிறந்த பார்சிக்காரர். "வெளியாள் வந்து கெடுக்கிறான்" என்று அன்றே கூச்சல் எழுந்தது. கம்பெனி உயர்நீதிமன்றம் சென்று சங்கத் தலைவர்கள் மீது தடையுத்தரவு வாங்கியது. அந்த அநியாயத்தை எதிர்த்துக் கிளம்பிய குரலின் பலனாகத்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

ஆனால் 1921-ஐயும் மறைக்கலாகாது. அந்த ஆண்டு நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களையும் மற்றச் சாதித் தொழிலாளர்களையும் நிர்வாகம் பிரித்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் வேலைநிறுத்தம் தோற்றது. பிரிப்பது நிர்வாகத்தின் தொழில். அதை நாம் எதிர்பார்த்தே ஆகவேண்டும். ஆனால் சேரியின் மனத்தை அறிந்து, அதைச் சங்கத்தின் நடுவே உட்கார வைக்கத் தவறியது தலைமையின் குற்றம். கூட்டத்தைப் பிரித்து ஆள்வது மேய்ப்பு. பிரிந்து கிடப்பதைச் சேர்ப்பது தலைமை. அந்தக் காரியத்தில் தவறிய சங்கம் எவ்வளவு வீரமாகப் போராடினாலும் தோற்கும்.

தென்பரையில் நடந்தது

மில்லில் அன்று தவறியதைக் கழனியில் செய்து காட்டியவர் தோழர் பி. சீனிவாச ராவ். கன்னடம் பேசும் நாட்டிலிருந்து வந்து தமிழைக் கற்றுக்கொண்டவர். அவர் 1943-ல் கீழத்தஞ்சைக்குப் போனபோது பண்ணையாளுக்குக் கிடைத்தது சவுக்கடியும் சாணிப்பாலும்தான். மிராசுதாரின் ஏவலுக்குக் காரியஸ்தனும் தலையாரியும் இருந்தார்கள். ஜனங்களை நிர்வகிக்க ஆட்களுக்குக் குறைவேயில்லை! ராவ் சேரிக் குடிசையில் தங்கினார். அங்கே கிடைத்ததைத்தான் தின்றார். மன்னார்குடி பக்கம் தென்பரையில் சங்கம் முளைத்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் கூடாது என்ற ஒப்பந்தம் 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்டது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது.

அவரும் வெளியாள்தான். ஆனால் பண்ணையாள் அவரை வெளியாளாக எண்ணினானா? தலைவன் எந்த ஊரில் பிறந்தான் என்பதல்ல கேள்வி. யாரிடம் கணக்குச் சொல்கிறான் என்பதே கேள்வி!

சுங்குவார்சத்திரத்தில் நடந்தது

பழங்கதை போதும் என்பவர்கள் நமக்குப் பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தைப் பார்க்கட்டும். சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024-ல் சி.ஐ.டி.யு. வழியில் தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். நிர்வாகம் அதை ஏற்க மறுத்தது, பதிவும் இழுத்தடிக்கப்பட்டது. செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள்.

நிர்வாகம் என்ன செய்தது? "தொழிலாளர் கமிட்டி" என்ற ஒன்றோடு அக்டோபர் 7-ல் ஒப்பந்தம் போட்டது. மாதம் ஐயாயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்றது. மந்திரிகள் வேறு வந்து பிரச்னை தீர்ந்துவிட்டது என்றார்கள். பந்தலில் இருந்தவர்களோ "எங்களைக் கேட்காத ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று உட்கார்ந்தே இருந்தார்கள். டீம் லீடர் வித்தையைப் பெரிய அளவில் ஆடிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை! பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள், கூட்டம் கலையவில்லை. 37 நாளுக்குப் பிறகு அக்டோபர் 15-ல் பேச்சுவார்த்தையில் உடன்பாடு கண்டு வேலைக்குத் திரும்பினார்கள். சங்கம் 2025 ஜனவரி 27-ல் பதிவாயிற்று. சண்டை அதோடு ஓய்ந்துவிடவில்லை. அடுத்த மாதமே சங்கத்தில் முன்னின்றவர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள், தொழிலாளர்கள் ஆலைக்குள் உட்கார்ந்தார்கள்.

1926-ல் சட்டமாகிவிட்ட சங்கம் வைக்கும் உரிமைக்கு 2024-லும் பந்தல் போடவேண்டியிருந்தது! ஆகவே சட்டம் மட்டும் போதாது. அதைப் பிடித்து நிற்கத் தலைமை வேண்டும்.

நம் வீட்டுக் குப்பை

இவ்வளவும் எழுதிவிட்டு நம் முதுகை நாம் பார்க்காமலிருந்தால் அது யோக்கியமாகாது. சில ஆண்டுகளுக்கு முன் இந்தத் தாலூகாவில் ஒரு கிராமத்தில் நடவுக் கூலித் தகராறு. பெண்கள் ஐம்பது ரூபாய் உயர்வு கேட்டார்கள். நாம் நிலக்காரர்களோடு ஒரு திண்ணையில் உட்கார்ந்து முப்பது என்று முடித்துவிட்டோம். நல்ல காரியம் செய்த திருப்தியோடு மறுநாள் காலை போய்ச் சொன்னோம். ஒருவரும் கழனியில் இறங்கவில்லை.

வயதான ஒரு அம்மா எழுந்தார். "இன்னா தம்பி, சேத்துல எறங்குறது நாங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டியா? அவரு சொன்னத எங்ககிட்ட வந்து சொல்றதுக்கு மேஸ்திரி போதுமே, நீ எதுக்கு?" என்றார்.

நம்மிடம் பதிலில்லை. அன்று இரவு காலனித் தெருவிலே உட்கார்ந்து நாம் வாயை மூடிக்கொண்டோம், அவர்கள் பேசினார்கள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ரூபாய் மட்டுமல்ல பிரச்னை. கைக்குழந்தைகளை வீட்டில் விட்டுவந்த தாய்மார்கள் பகல் ஒரு மணிக்குக் கரையேற வேண்டும் என்பதே முதல் கோரிக்கை. "ஒரு மணிக்கு விட்டா முப்பதே போதும்" என்று அவர்களே முடிவு கட்டினார்கள். மூன்றாம் நாள் நிலக்காரர்கள் சம்மதித்தார்கள். கூலி என்னவோ நாம் பேசிய அதே முப்பதுதான். ஆனால் முன்பு அது நம்முடைய ஒப்பந்தம்; இப்போது அவர்களுடைய ஒப்பந்தம். அதனால்தான் அடுத்த போகத்தில் ஒரு நிலக்காரர் இரண்டு மணிவரை நிறுத்தப் பார்த்தபோது, நமக்குச் சொல்லியனுப்பாமலே எல்லோரும் ஒன்றாகக் கரையேறினார்கள்.

தோழர்களே! சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டால் மட்டும் மேஸ்திரித்தனம் போய்விடாது. கூட்டத்தைக் கூட்டாமல் கையெழுத்துப் போடும் சங்கச் செயலாளர், வரவு செலவைப் படித்துக் காட்டாத பொருளாளர், ஊர்வலத்துக்கு வேனில் எத்தனை தலை ஏறிற்று என்று மட்டும் எண்ணும் ஊழியர் எல்லோரும் மேய்க்கிறார்கள், தலைமை தாங்கவில்லை. அதற்காக ஜனங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி வால்பிடிப்பதும் தலைமையல்ல. சாதியால் ஒதுங்கி நிற்கும் தொழிலாளியிடம் "இது தவறு" என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணியாதவனும் தலைவனல்ல.

ஆகவே ஆலையிலும் கழனியிலும் யார் தன்னைத் தலைவன் என்று சொன்னாலும் நாலு கேள்வி கேளுங்கள். உன்னைத் தேர்ந்தெடுத்தது யார்? நீ யாரிடம் கணக்குச் சொல்கிறாய்? அடி விழும்போது எங்கே நிற்பாய்? தவறினால் உன்னை நீக்க எங்களால் முடியுமா?

டீம் லீடரைக் கேளுங்கள். கமிட்டிக்காரனைக் கேளுங்கள். எங்களையும் கேளுங்கள்! கேட்கிற கூட்டத்தை எவனாலும் மேய்க்க முடியாது.