பொட்டலத்தைப் பிரிக்காமல் விலை சொல்லலாமா?

என் அம்மா போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் 22 ஆண்டுகள் காய் பொறுக்கினார். சல்லடை இயந்திரம் காய்களை எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பிரித்துத் தள்ளிவிடும். அம்மாவின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். வெடித்த காய், சொறி விழுந்த காய், பூச்சி துளைத்த காய், வெளிறிய காய் என்று விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஒதுக்குவார். “அளவு மிஷினுக்குத் தெரியும்டி. காய் நல்லதா கெட்டதான்னு கண்ணுக்குத்தான் தெரியும்” என்பார்.

போடியில் இப்போது ஏலமும் கணினி வழியாகத்தான் நடக்கிறது. ஒவ்வொரு குவியலுக்கும் எடை எத்தனை கிலோ, ஒரு லிட்டர் படியில் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்ற கணக்கு உண்டு. வியாபாரிகளுக்கு அந்த எண்கள் மட்டும் போதுவதில்லை. ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த சாம்பிள் பொட்டலம் அவர்கள் கைக்கு வரும். பிரித்துத் தட்டில் கொட்டுவார்கள், நிறம் பார்ப்பார்கள், ஒரு காயை உரித்து விதையை வாயில் போட்டுப் பார்ப்பார்கள். பிறகுதான் விலை கேட்கும் பொத்தான் மேல் விரல் போகும்.

நான் கணினி அறிவியல் ஆசிரியை. இதே மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் 17 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பதவி உயர்வுக்கான நேர்காணலுக்குப் போனேன். என் கட்டுரைகள் எல்லாவற்றையும் நகல் எடுத்து, கோப்பில் வரிசையாக அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். குழுவில் ஐந்து பேர். ‘ஸ்கோபஸ் எத்தனை? சைட்டேஷன் எத்தனை? எச்-இண்டெக்ஸ் எத்தனை?’ ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரைகள், அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, அதிலிருந்து கணக்கிடும் ஓர் எண் என இந்த மூன்று கேள்விகளோடு நேர்காணல் முடிந்தது. என் கோப்பை ஒருவர்கூடத் திறக்கவில்லை. பேருந்தில் வீடு திரும்பும்போது மனதில் ஓடியது ஒன்றுதான்: போடியில் ஐம்பது கிலோ ஏலக்காய்க்குக் கிடைக்கும் மரியாதைகூட ஓர் ஆசிரியரின் பத்து வருட உழைப்புக்குக் கிடைக்கவில்லை.

நூலகத்தில் பிறந்த எண்

இந்த எண்களின் தொடக்கம் மனிதர்களை எடைபோடுவதற்காக அல்ல. நூலகப் பணிகளைக் கணித முறையில் ஆராய வேண்டும், அதற்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயர் வைக்கலாம் என்று 1948-ல் சொன்னவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்ற அட்டவணையை அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் வெளியிட்டார். வேண்டிய கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவி அது. ஆளை அளக்கும் எச்-இண்டெக்ஸ் 2005-ல்தான் வந்தது. கொடுத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவர் எழுதியவற்றில் 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 10. சொல்லவும் எளிது, கணக்கிடவும் எளிது. அதனாலேயே நிர்வாகங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பொறியியல் கல்லூரிகளுக்கு நூற்றுக்கு 30 பங்கு ஆய்வுக்கும் தொழில்சார் பணிக்கும் போகிறது. கட்டுரைகளின் எண்ணிக்கையும் மேற்கோள்களும் அதில் பெரும்பகுதி. கல்லூரிகள் தாமே கொடுக்கும் விவரங்களைச் சரிபார்க்காமல் தரவரிசை தயாரிக்கப்படுகிறது என்று தொடரப்பட்ட வழக்கில், 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதன் வெளியீட்டுக்கே இடைக்காலத் தடை விதித்தது. தடை நீங்கிப் பட்டியல் வந்துவிட்டது. தரவரிசையில் இடம் பிடிக்க ஆசிரியர்களை விரட்டுவது மட்டும் நிற்கவில்லை. ‘வருடத்துக்கு இரண்டு ஸ்கோபஸ் இல்லையென்றால் இன்கிரிமென்ட் இல்லை’ என்ற சொல்லைக் கேட்காத பொறியியல் ஆசிரியர் இன்று தமிழ்நாட்டில் அரிது.

எங்கள் துறைக்குப் பொருந்தாத படி

கணினி அறிவியலுக்கு இந்த அளவுகோல் இன்னும் மோசமாகப் பொருந்துகிறது. மற்ற அறிவியல் துறைகளில் பெரிய கண்டுபிடிப்பு ஆய்விதழில் வரும். எங்கள் துறை வேகமானது. அதன் முதல்தரமான ஆய்வுகள் பல மாநாடுகளில்தான் வெளியாகின்றன. கூகுள் தேடுபொறியின் அடிப்படையை அதன் நிறுவனர்கள் 1998-ல் முன்வைத்தது ஒரு மாநாட்டில். இன்றைய சாட்ஜிபிடி வகைச் செயலிகளுக்கெல்லாம் வேராக இருக்கும் ‘டிரான்ஸ்ஃபார்மர்’ கட்டுரை 2017-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் வந்தது. அதை எழுதிய எட்டுப் பேரில் முதல் பெயர் ஆஷிஷ் வாஸ்வானி என்ற இந்தியருடையது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் உள்ள அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச மாநாட்டுக் கட்டுரைக்கு 7 மதிப்பெண். நம் நாட்டிலேயே நடந்தால் 5. ஆய்விதழ்க் கட்டுரைக்கோ அந்த இதழின் ‘இம்பேக்ட் ஃபேக்டர்’ (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்) உயர உயர 30 வரை ஏறுகிறது. உலகத்தையே மாற்றிய அந்த டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையை நம் அட்டவணையில் வைத்தால் கிடைப்பது 7. பொறியியல் கல்லூரிகளுக்கு விதிகள் வேறு என்றாலும் கணக்குப் பார்க்கும் மனம் ஒன்றுதான்.

கணினித் தமிழையும் நினைத்துப் பாருங்கள். இன்று நீங்கள் கைபேசியில் தமிழில் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால், அதற்குப் பின்னால் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் செலவிட்ட ஆண்டுகள் இருக்கின்றன. அந்த உழைப்பை எந்த எச்-இண்டெக்ஸில் தேடுவது?

சுருளிப்பட்டியின் திராட்சை இலை

என் மாணவி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டக் குடும்பம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைதான் அவர்கள் வீட்டுச் சோறு. முதுநிலைப் படிப்பில், இலையைக் கைபேசியில் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் மென்பொருள் செய்ய வேண்டும் என்று வந்தார்.

இந்த ஆய்வுக்கு உலகமெங்கும் பயன்படுவது ‘பிளான்ட்வில்லேஜ்’ என்ற படத்தொகுப்பு. 54,306 இலைப் படங்கள். 2016-ல் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை, அந்தப் படங்களில் நோயை 99.35 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்ததாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 சதவீதம் அளவுக்கு விழுந்துவிட்டதையும் அதே ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். பின்னால் வந்து நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை 99-ஐ எடுத்துக்கொண்டன; 31-ஐ விட்டுவிட்டன. அதைவிட முக்கியமான ஒன்று: அந்தத் தொகுப்பின் திராட்சைப் படங்களில் அடிச்சாம்பல் நோயே கிடையாது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மழைக்காலத்தில் விவசாயியின் தூக்கத்தைக் கெடுப்பதோ அந்த நோய்தான்.

அந்தப் பெண் இரண்டு வடகிழக்குப் பருவமழைக் காலங்கள் பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்து படம் எடுத்தார். பூசணம் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் படரும் என்பதால் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பிடித்து எடுக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல் வந்தது. போர்டோ கலவை அடித்த இலைகளில் வெளிர்நீலத் திட்டுகள் காய்ந்து கிடக்கும். மென்பொருள் அந்த மருந்துக் கறையை நோய் என்று சொல்லிற்று. அதைச் சரிசெய்யவே நான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் நூற்றுக்கு எழுபத்து சொச்சம் சரியாகச் சொன்னது. மழை ஈரத்திலும், நிழலிலும், மருந்துக் கறையிலும், உண்மையான தோட்டத்தில் கிடைத்த எழுபது அது.

இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. ஏற்கெனவே 99 வந்திருக்கும்போது இது முன்னேற்றம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே ஆண்டில், தோட்டத்துப் பக்கமே போகாமல் பிளான்ட்வில்லேஜை இறக்கி 99 காட்டிய கட்டுரைகள் அச்சாகின, மேற்கோளும் பெற்றன. என் ஆண்டறிக்கையில் அந்த இரண்டு பருவமழைக்கும் எதிரே நான் எழுத வேண்டியிருந்தது ‘பூஜ்யம்’. இப்போதும் மழை பிடித்தால் நாலைந்து தோட்டக்காரர்கள் அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் இலைப்படம் அனுப்பி, “பாப்பா, இது என்னன்னு பாரு” என்று கேட்கிறார்கள். அதை நிரப்ப அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சாயம் ஏற்றிய காய்

பச்சைக்கு நல்ல விலை என்றதும் ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் கிளம்பினார்கள். ஆய்விலும் அதேதான் நடக்கிறது. ‘ஸ்கோபஸ் கட்டுரை தயார், ஆசிரியர் இடம் காலி’ என்று டெலிகிராமில் விளம்பரம் வருகிறது. முதல் பெயருக்கு ஒரு விலை, நான்காம் பெயருக்கு ஒரு விலை.

ஒருமுறை ஒரு கட்டுரையை மதிப்பிடும்படி எனக்கு அனுப்பினார்கள். ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்பது எங்கள் துறையில் முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த ஒரு வழிமுறை. அந்தக் கட்டுரையில் அது ‘இர்ரெகுலர் டிம்பர்லேண்ட்’ என்று இருந்தது. அடுத்தவர் எழுதியதைத் திருடி, பிடிபடாமலிருக்க மென்பொருளில் போட்டுச் சொல் மாற்றியதன் தழும்பு அது. ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ ஆகிவிடும். இத்தகைய சிதைந்த சொற்கள் ஏராளமான கட்டுரைகளில் இருப்பதை கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்ஸாண்டர் மகஸினோவ் ஆகியோர் 2021-ல் வெளிக்கொண்டுவந்தார்கள். அதே சிரில் லபே 2010-ல், இல்லாத ஒரு விஞ்ஞானிக்கு ‘ஐக் அன்ட்கரே’ என்று பெயர் வைத்து, கணினியே எழுதிய போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்து, கூகுள் ஸ்காலரில் அவருக்கு 94 எச்-இண்டெக்ஸ் வாங்கிக் காட்டினார். 2023-ல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகம் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. கணினித் துறை இதழ்களும் அதில் கணிசம்.

ஆண்டுதோறும் கல்லூரி வாசல்களில் ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி’ என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழுவினர் தயாரிக்கும் பட்டியல் அது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியது எத்தனை சதவீதம் என்ற பத்தியையும் அவர்கள் அதில் நேர்மையாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பத்தியை அச்சிட்ட ஃபிளெக்ஸை நான் இதுவரை பார்த்ததில்லை.

எண்ணே வேண்டாமா?

அப்படிச் சொல்ல நான் வரவில்லை. ஏலக்காய் பொறுக்கியவரின் மகள் பொறியியல் படிக்கப் போனது கட்-ஆஃப் மதிப்பெண்ணால்தான். யாருடைய சிபாரிசும் எனக்கு இல்லை. எண் இல்லாத இடத்தில் சாதி நுழையும், சொந்தம் நுழையும், பணம் நுழையும் என்பதைத் தமிழ்நாடு அனுபவித்து அறிந்திருக்கிறது. ‘படித்துப் பார்த்து முடிவு செய்கிறோம்’ என்று பூட்டிய அறைக்குள் நான்கு பேர் உட்கார்ந்தால், முதலில் வெளியே நிற்கப்போவது என்னைப் போன்றவர்கள்தான். அந்தப் பயம் நியாயமானது.

போடி ஏலக்கூடம் இதற்கும் வழி காட்டுகிறது. அங்கே எண்ணும் இருக்கிறது, பொட்டலமும் இருக்கிறது. எல்லோருக்கும் அதே சாம்பிள். எல்லோர் கண்முன்னும் விலை. நம் ஆய்வுக்கும் அதைத்தான் கேட்கிறேன். ஒவ்வோர் ஆசிரியரும் தன் சிறந்த ஐந்து வேலைகளை முன்வைக்கட்டும். இந்திய தேசிய அறிவியல் கழகமும் 2018-லேயே இந்த வழியைப் பரிந்துரைத்தது. வெளியூரிலிருந்து, துறை தெரிந்த இருவர் அவற்றைப் படிக்கட்டும். படித்ததை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். எண் அதன் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். கணினி அறிவியலில் நல்ல மாநாட்டுக் கட்டுரை, பலர் பயன்படுத்தும் மென்பொருள், பாடுபட்டுச் சேர்த்த தரவு ஆகிய மூன்றையும் ஆய்விதழ்க் கட்டுரைக்குச் சமமாக ஏற்க வேண்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக மதிப்பெண் குறைக்கும் முறையை 2025-ல் என்ஐஆர்எஃப் கொண்டுவந்தது நல்ல தொடக்கம். ஆனால் களையெடுத்தால் மட்டும் போதாது. பயிரையும் யாராவது பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழகத் துணைவேந்தர்களையும் கல்லூரித் தாளாளர்களையும் உயர்கல்வித் துறை அதிகாரிகளையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நேர்காணலில் ஒரு கோப்பையாவது திறந்து, ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படியுங்கள். பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்கப்போகும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வாசலில் இருக்கும் ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே போய் ஓர் ஆசிரியரிடம், “நீங்கள் என்ன ஆய்வு செய்கிறீர்கள், எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்” என்று கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவர் மகிழ்ச்சியோடு உட்காரவைத்துச் சொல்வார்.