தோளைக் கொடுத்த ஹெர்குலிஸ்

ஹெர்குலிஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சைக்கிள்தான். அப்பாவின் ஹெர்குலிஸில் பின் ஸீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்கள், இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலேயே எத்தனையோ பேர் இருப்பீர்கள். நான் சொல்ல வந்தது திரையில் ஹெர்குலிஸாக வந்த ஸ்டீவ் ரீவ்ஸைப் பற்றி. அவர் கதையும் ஒரு சைக்கிளில்தான் ஆரம்பிக்கிறது என்பது வேடிக்கை.

1926-ல் அமெரிக்காவில், மாண்டானா ராஜ்யத்தில் பிறந்தவர் அவர். குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் பண்ணை விபத்தொன்றில் காலமாகிவிட்டார். பையனுக்குப் பத்து வயசானபோது தாயார் அவனை அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். ஓக்லண்ட் நகரத்து மேட்டுத் தெருக்களில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகப் பத்திரிகை போட்டான் பையன். பிற்காலத்தில் பலரும் வியந்த அந்தக் கெண்டைக்கால் சதை, அப்படி மிதித்து மிதித்து வந்ததுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பள்ளியில் ஒரு நாள், தன்னைவிடச் சிறிய பையன் ஒருவன் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக் கைப்பலம் பார்த்து இவனைத் தோற்கடித்துவிட்டான். அவன் வீட்டுக் கார் ஷெட்டில் பளு தூக்கிப் பழகுகிறான் என்று விசாரித்து அறிந்ததும், நம் ஆளும் அங்கேயே போய்ச் சேர்ந்துகொண்டான். பிறகு ராணுவம், பிலிப்பைன்ஸ், மலேரியா. எல்லாம் தாண்டி வந்து, 1947-ல் ‘மிஸ்டர் அமெரிக்கா’; 1950-ல் லண்டனில் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’. கழுத்து, புஜம், கெண்டைக்கால் மூன்றும் ஒரே அளவு, பதினெட்டரை அங்குலம்! தையற்காரருக்கு நாடாவை மாற்றிப் பிடிக்கவே வேண்டியிருந்திருக்காது.

இப்படிப்பட்டவரை ஹாலிவுட் விட்டு வைக்குமா? ‘சாம்ஸன் அண்ட் டிலைலா’ படத்துக்கு ஒரு பலசாலியைத் தேடிக்கொண்டிருந்த டைரக்டர் ஸிஸில் டிமில், ரீவ்ஸைக் கூப்பிட்டனுப்பினார். உடம்பு பிரமாதம், ஆனால் காமிராவுக்குப் பதினைந்து பவுண்டு அதிகம், இளைத்து வா என்றார். இளைத்தால் பயில்வான் சிநேகிதர்கள், “போட்டி வருகிறதே, உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாயே!” என்று கோபித்துக்கொண்டார்கள். பழையபடி தேறினால் ஸ்டூடியோவில் முகம் சுளித்தார்கள். மாமியாருக்கு ஒரு பக்குவம், நாத்தனாருக்கு ஒரு பக்குவம் என்று சமைத்துப் பார்த்த மருமகளுக்கு இந்தச் சங்கடம் புரியும். கடைசியில் சாம்ஸன் வேஷம் விக்டர் மெச்சூருக்குப் போயிற்று. 1949-ல் அந்தப் படம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது.

அப்புறம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1954-ல் ‘அதீனா’ என்ற சங்கீதப் படத்தில் ஒரு சின்ன வேஷம் கிடைத்தது. மற்றபடி உடற்பயிற்சிக் கூடங்களில் உத்தியோகம். ஆனால் இத்தாலியில் பியத்ரோ பிரான்ஸிஸ்கி என்ற டைரக்டர், ஹெர்குலிஸுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அவருடைய சின்னப் பெண் ‘அதீனா’வைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, “அப்பா, உங்கள் ஹெர்குலிஸ் அகப்பட்டுவிட்டார்!” என்றாளாம். வீட்டில் பெண் குழந்தை சொல்வதைத் தட்டாமல் கேட்ட அந்தத் தகப்பனாரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

தாடி வளர்த்துக்கொண்டு ரீவ்ஸ் இத்தாலி போனார். 1958-ல் வந்த அந்தப் படத்தில், ஹெர்குலிஸ் சங்கிலிகளைத் தூண்களில் சுற்றி இழுத்து அரண்மனையையே சரித்துவிடுகிறான். சாம்ஸன் என்றாலே தூண்கள்தானே? ஒரு படத்தில் கை நழுவிப் போனது வேறொரு படத்தில் வந்து சேர்ந்தது!

ஜோஸப் லெவைன் என்ற அமெரிக்க வியாபாரி இந்தப் படத்தைச் சுமார் 1,20,000 டாலருக்கு வாங்கினார். விளம்பரத்துக்கு அவர் கொட்டியதோ பத்து லட்சம் டாலருக்கு மேல். புடவை விலையைப் போல எட்டு மடங்கு தையல் கூலி கொடுத்த மாதிரி. ஆனாலும் 1959-ல் அமெரிக்கக் கொட்டகைகளில் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு இத்தாலியில் எந்த ஸ்டூடியோவில் பார்த்தாலும் வாளும் செருப்பும் குட்டை ஆடையுமாக வீராதி வீரர்கள்தான். ஸெர்ஜியோ சியானி என்ற இத்தாலியர் ‘ஆலன் ஸ்டீல்’ ஆனார். வெனிஸில் படகு தள்ளிக்கொண்டிருந்தவர் ‘கிர்க் மாரிஸ்’ ஆனார். ஊர் பெயரை மாற்றினால் உடம்பும் பெருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ!

அந்த 1959-லேயே ‘பாம்ப்பெயின் கடைசி நாட்கள்’ என்ற படம். ரீவ்ஸ் ஓட்டி வந்த ரதம் ஒரு மரத்தில் போய் மோத, அவருடைய தோள்மூட்டு விலகிவிட்டது. வேறொருவராக இருந்தால் படுக்கையில் விழுந்திருப்பார். இவர் தாமே அதைச் சரி செய்துகொண்டு மேலே நடித்தார். தண்ணீருக்குள் நீந்தித் தப்பும் காட்சியில் அது இன்னும் மோசமாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திலும் யாரையாவது தூக்க வேண்டும், எதையாவது பெயர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் அந்தத் தோளையே வாங்கிற்று. மேஜையில் பார்த்துக் கைதட்டுகிறோமே, அந்தப் பாறை அட்டைப் பாறையாக இருக்கலாம். வலி நிஜ வலி.

அந்தப் படத்தின் டைரக்டர் நோய்வாய்ப்பட்டதால், படத்தை முடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் ஸெர்ஜியோ லியோனி. அவர் பிற்பாடு ஒரு கௌபாய் படம் எடுக்கக் கிளம்பியபோது தம்மைக் கேட்டதாகவும், இத்தாலியர்களுக்குக் கௌபாய் படம் எடுக்க வராது என்று எண்ணித் தாம் மறுத்துவிட்டதாகவும் ரீவ்ஸ் சொல்லியிருக்கிறார். 1964-ல் வந்த அந்தப் படம் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. ரீவ்ஸோ 1968-ல் தாமே ஒரு கௌபாய் படத்துக்குக் கதையில் பங்கெடுத்து நடித்தார். அதுதான் கடைசி. வயசு நாற்பத்திரண்டு.

வருந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா என்றால், இல்லை. 1963-ல் மணந்த மனைவி ஆலீனுடன் கலிபோர்னியாவில் பண்ணை வைத்து, மார்கன் ஜாதிக் குதிரைகளை வளர்த்தார். வேகநடைப் பயிற்சியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மருந்து ஊசியால் சதை வளர்க்கும் பழக்கம் வந்தபோது அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 1989-ல் ஆலீன் காலமானார். 2000-ம் வருஷம் மே முதல் தேதி, எழுபத்துநாலாவது வயசில் அவரும் மறைந்தார்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்த ஹெர்குலிஸ் பேசும் குரல் ரீவ்ஸின் குரல் அல்ல. இத்தாலிய மொழியில் ஒருவர், ஆங்கிலத்தில் இன்னொருவர் இரவல் கொடுத்தது. அவர் சொந்தக் குரலைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள், யாருமே அவரைக் கவனிக்காத அந்த ‘அதீனா’வைத் தேடிப் பார்க்கலாம். ஒருத்தி மட்டும் கவனித்தாளே, அந்த டைரக்டர் வீட்டுப் பெண், அவளைத் தவிர!