பரிசோதனை முடிவுகள் யாருடைய சொத்து?

2021 ஏப்ரல் 24 அன்று, ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவில் மூச்சுக் கோளாறுக்கு ஆளான 8 ஆசியச் சிங்கங்களின் மாதிரிகள் அதே நகரிலுள்ள சிசிஎம்பி நிறுவனத்தின் லாகோன்ஸ் ஆய்வகத்திடம் அளிக்கப்பட்டன. மே 4 அன்று எட்டுக்கும் கொரோனா தொற்று உறுதியாயிற்று. அன்றே ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை நாட்டுக்கு அறிவித்தது. பெருந்தொற்றின் நிர்ப்பந்தத்தில் சாத்தியமான இந்த ஒழுங்கு ஏன் அன்றாட நடைமுறையாகக் கூடாது?

நோய்க்கிருமி இலாகா பார்த்துப் பரவுவதில்லை. நமது ஆட்சியமைப்போ இலாகாக்களாகச் சிதறிக் கிடக்கிறது. 2018இல் கிர் காட்டுச் சிங்கங்கள் மடிந்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸைக் கண்டறிந்தது சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள புனே தேசிய வைராலஜி நிறுவனம். 2021 மே மாதத்தில் வண்டலூர்ச் சிங்கங்களின் மாதிரிகள் சென்றதோ வேளாண் அமைச்சகத்தைச் சார்ந்த போபால் ஆய்வகத்திற்கு. சிசிஎம்பி அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் உள்ளது. சிங்கம் ஒன்றே, அதன் நோய்க்குறிப்புகள் மூன்று அமைச்சகங்களின் அலமாரிகளில்!

இது வெறும் நிர்வாகக் குறைபாடு அன்று. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயில், குரங்குகளின் சாவே முதல் எச்சரிக்கை. உண்ணிகள் வழியே அந்நோய் அடுத்துத் தாக்குவது விறகு பொறுக்குவோரை, மாடு மேய்ப்போரை, தோட்டத் தொழிலாளரை. குரங்கின் பரிசோதனை முடிவு ஆரம்ப சுகாதார நிலையத்தை எட்டத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் விலை கொடுப்பது அவர்களின் உடல்.

முடிவுகளை வெளியிட்டால் பீதி பரவும், சுற்றுலா கெடும் என்பது ஆள்வோரின் வாதம். பீதியை வளர்ப்பது தகவலன்று, மௌனமே. தரவைப் பகிர்வது என்றால் மருந்துக் கம்பெனிகளுக்குத் தாரைவார்ப்பது என்றும் பொருளன்று. மக்கள் வரிப்பணத்தில் பெறப்பட்ட முடிவுகள் மக்களுக்கே முதலில் உரியவை.

"ஒரே சுகாதாரம்" என்ற ஒன்றிய அரசின் முழக்கம் போதாது. சட்டக் கடமை வேண்டும். வன விலங்கின் பரிசோதனை முடிவு வனத்துறை, கால்நடைத்துறை, சுகாதாரத்துறை, உள்ளாட்சி அமைப்பு ஆகிய நான்கிற்கும் ஒரே நேரத்தில் சென்றாக வேண்டும். கூண்டைத் துப்புரவு செய்யும் ஒப்பந்த ஊழியருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் பழங்குடி மக்களுக்கும் அவரவர் மொழியில் அது தெரிவிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் பழங்குடி அமைப்புகளும் இதைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துப் போராட வேண்டிய தருணம் இது.