தண்டவாளம் போன தடம்

சித்தியவானுக்கு ரயில் வந்ததே இல்லை. ஆனாலும் மலாயாவின் முதல் ரயில் ஓடியது நம் பேராக்கில்தான்: 1885 ஜூன் 1ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, ஏறத்தாழ 13 கிலோமீட்டர். லாருட் ஈயத்தைத் துறைமுகம் சேர்க்கப் போட்ட பாதை. அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வந்தது.

இன்று கோலா செப்பெத்தாங் எனப்படும் போர்ட் வெல்டில் பழைய நிலையப் பெயர்ப்பலகை மிஞ்சியிருக்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனத்தோடு தமிழிலும் ஊர்ப்பெயர். மீன் சாப்பிட வருகிறவர்கள் அதன்முன் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தடம் எங்கே போனது என்று கேட்பாரில்லை.

தம்பின்–மலாக்கா கிளைப்பாதையின் கதை இன்னும் கசப்பு. ஜப்பானியர் அதைப் பெயர்த்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மாண்டவர்களில் நம் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை ஆயிரம்!

சிங்கப்பூரைப் பாருங்கள். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் போனது. நிலத்துக்குத் தவிக்கும் அந்த ஊர், 24 கிலோமீட்டர் தடத்தைக் கூறுபோட்டு விற்கவில்லை. புக்கிட் தீமா இரும்புப் பாலங்களைக் காப்பாற்றி, நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் திறந்துவிட்டது.

பேராக் அரசு முதலில் தைப்பிங் தடத்தை அளக்கட்டும். ஆக்கிரமிப்பில்லாத பகுதியையாவது சைக்கிள் பாதையாக்கட்டும். ரயிலுக்குச் செங்குத்தான மேடு ஆகாது. அதனால் பழைய ரயில் தடத்தில் பள்ளிப் பிள்ளையும் மூச்சிரைக்காமல் மிதிக்கலாம், தாத்தாவும் மிதிக்கலாம்.