அதிவேகப் பாதை தாண்டிச் செல்லும் பத்திக் நகரம்

ஒக்டோபர் 2 ஆம் திகதி இந்தோனேஷியாவில் தேசிய பத்திக் தினம். 2009 ஆம் ஆண்டு அதே நாளில்தான் யுனெஸ்கோ நிறுவனம் அந்நாட்டின் பத்திக் கலையை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2023 இல் அதே ஒக்டோபர் 2 ஆம் திகதி, அப்போதைய ஜனாதிபதி ஜோகோ விடோடோ ஜகார்த்தாவையும் பண்டுங்கையும் இணைக்கும் 'வூஷ்' அதிவேகப் புகையிரதத்தைத் திறந்து வைத்தார். 142 கிலோமீற்றர் தூரம். முன்பு புகையிரதத்தில் மூன்று மணி நேரமளவு எடுத்த பயணம் இப்போது முக்கால் மணி நேரத்தில் முடிகிறது.

உலகில் அதிக முஸ்லிம்கள் வாழும் நாடு இந்தோனேஷியா. பாரம்பரியத்தையும் நவீனத்தையும் ஒன்றாகக் கொண்டு செல்லும் நாடு என்று நம்மில் பலர் அதனைப் பாராட்டுகின்றோம். அந்தப் பாராட்டு எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்க்க, விழா மேடையை விட்டு பெக்கலொங்கான் என்ற கரையோர நகரத்துக்குப் போக வேண்டும்.

ஜாவாவின் வடகரையில் இருக்கும் பெக்கலொங்கானை 'பத்திக் நகரம்' என்றே அழைக்கின்றனர். ஜாவானியரும் சீனரும் ஹழ்ரமவ்த் பகுதியிலிருந்து வந்த அரபு வணிகர்களும் கலந்து வாழ்ந்து வளர்த்த ஊர் அது. உருகிய மெழுகை 'சாந்திங்' என்ற சிறு கருவியால் துணியில் கோடு கோடாக வரைந்து, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கி, மீண்டும் வரைவார்கள். கையால் வரையும் ஒரு நல்ல துணி முடிய மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கோடுகளை வரைபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

இந்தக் கைத்தொழிலைத் தாங்கி நின்ற தூண்களில் ஒன்று வீதி. 1808 இல் ஒல்லாந்த ஆளுநர் டேண்டல்ஸ் ஜாவாவின் மேற்கிலிருந்து கிழக்கு வரை சுமார் 1,000 கிலோமீற்றர் நீளமான தபால் வீதியைப் போடத் தொடங்கினார். கட்டாய உழைப்பில் பல உயிர்களைப் பலிகொண்ட வீதி அது. ஆனால் பிற்காலத்தில் அந்த வடகரை வீதியில்தான் பஸ்களும் லொறிகளும் ஓடின. நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்பும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் வழியில் இறங்கி, பிரெபெஸில் உப்பு முட்டையும் பெக்கலொங்கானில் சாரனும் சட்டையும் வாங்கின. ஒரு கடைக்காரரின் முழு வருட வியாபாரமும் அந்தப் பெருநாள் வாரங்களை நம்பி இருந்தது.

2018 டிசம்பரில் ஜகார்த்தாவிலிருந்து சுரபாயா வரை கட்டண அதிவேகப் பாதை முழுமையாக இணைந்தது. பயணிகளுக்கு அது பெரும் நிம்மதி. பெருநாள் நெரிசலில் ஒரு நாளுக்கு மேல் வீதியில் கிடந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். அதே வேளை, வாகனங்கள் ஊருக்குள் வராமல் தாண்டிச் சென்றன. பழைய வீதியோரத்தில் உணவகமும் பத்திக் கடையும் வைத்திருந்தவர்கள் வியாபாரம் விழுந்துவிட்டதாக முறையிட்டார்கள். யுனெஸ்கோவின் சான்றிதழ் சுவரில் தொங்கியது. அதைப் பார்க்க வாசலில் வாடிக்கையாளர் இல்லை.

இங்கே இந்தோனேஷிய அரசாங்கம் செய்த ஒரு காரியம் நமது கவனத்துக்குரியது. 2021 இல் வந்த விதிமுறைகளின்படி, அதிவேகப் பாதையின் ஓய்விடங்கள், புகையிரத நிலையங்கள், விமான நிலையங்கள் போன்ற இடங்களின் வர்த்தகப் பரப்பில் குறைந்தது 30 சதவீதம் சிறு தொழில் செய்வோருக்கு ஒதுக்கப்பட வேண்டும். வாடகையும் சந்தை விலையை விடக் குறைவாக இருக்க வேண்டும். மரபுக் கலையைப் பாதுகாக்கும் சட்டம் என்று இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் பல பாராட்டு விழாக்களை விட இது பெறுமதியானது என்பது என் கருத்து. கலைஞர் இருக்கும் இடத்துக்கு வீதி வராவிட்டால், வீதி இருக்கும் இடத்தில் கலைஞருக்கு ஒரு கடையாவது கிடைக்க வேண்டும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. 'சிறு தொழில்' என்ற சொல்லுக்குள் அச்சடித்த மலிவுத் துணி விற்பவரும் அடங்குவார். பத்திக் வடிவத்தை இயந்திரத்தில் அச்சடித்தால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான மீற்றர் வரும். அவசரமாக இறங்கி ஏறும் பயணிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிந்த வாங்குநர் உருவாக வேண்டும் என்றால் பாடசாலைதான் வழி. பெக்கலொங்கான் அதையும் செய்தது. அங்குள்ள பத்திக் அருங்காட்சியகம் பாடசாலைகளுடன் சேர்ந்து பத்திக்கைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டு வந்தது. மரபுரிமையைப் பேணும் சிறந்த நடைமுறை என்று 2009 இல் யுனெஸ்கோ அந்தத் திட்டத்தையும் அங்கீகரித்தது. ஓர் ஆசிரியன் என்ற வகையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மெழுகால் ஒரு கோடு இழுத்துப் பார்த்த பிள்ளை, பெரியவனாகி அச்சுத் துணியைக் கண்டு ஏமாறாது.

வூஷ் புகையிரதத்துக்கு ஏழு பில்லியன் டொலருக்கு மேல் செலவானது. அதில் சுமார் முக்கால் பங்கு சீன அபிவிருத்தி வங்கியின் கடன். அதை யார் கட்டுவது என்ற சர்ச்சை 2025 இல் ஜகார்த்தாவில் வெளிப்படையாகவே வெடித்தது. ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த நமக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. கடனை மக்கள் எல்லோரும் சுமக்கிறார்கள் என்றால், அந்தப் பாதையால் வரும் வியாபாரத்திலும் எல்லோருக்கும் பங்கு இருக்க வேண்டும். பெக்கலொங்கான் பெண்களும் அந்த 'எல்லோரில்' அடங்குவர்.

ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் இங்கு கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள்தாம் நமது மலாய்ச் சகோதரர்கள். அந்த உறவை நாம் சாப்பாட்டிலும் உடையிலும் நினைவுகூர்வதோடு நிறுத்திக் கொள்கிறோம். இந்த 30 சதவீத விதியையும் அவர்களிடமிருந்து கேட்டு வாங்கலாம். நமது அதிவேகப் பாதைகளின் ஓய்விடங்களில் மருதமுனைக் கைத்தறிக்கும் கிழக்கின் பன்பாய்க்கும் எத்தனை கடைகள் உண்டு என்று நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.